பாழடைந்த பொதுப் பழத்தோட்டம்: எங்கே ஆரம்பிப்பது?

மண்வெட்டி:
எங்கள் குடியிருப்பின் பொதுப் பழத்தோட்டம் பத்து வருடத்துக்கு மேலாகக் கவனிப்பாரில்லாமல் கிடக்கிறது. நாற்பது மரம் இருக்கும், பெரும்பாலும் மாவும் கொய்யாவும், உள்ளே நுழைய முடியாத புதர். பிள்ளைகள் பதினைந்து பேரும் பெரியவர்கள் ஏழெட்டுப் பேரும் சனிக்கிழமைதோறும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே மூச்சில் எல்லா மரத்திலும் கிளைகளைக் கழித்துவிடலாம் என்கிறார்கள் சிலர், எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒட்டுக்கத்தி:
பயம் நியாயமானதுதான். வயதான மரத்தில் ஒரே வருடத்தில் கால் பங்குக்கு மேல் கழித்தால் காய்ப்பதை விட்டுவிட்டு நெட்டுக்குத்தாக இளங்குச்சிகளைத் தள்ளும். மூன்று வருட வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் காய்ந்தது, நோய் கண்டது, ஒன்றோடொன்று உரசுவது, அவ்வளவுதான். மாவுக்குக் காய்ப்பு முடிந்ததும் கவாத்து, அதாவது கிளை கழிப்பது, செய்யுங்கள். கொய்யா புதுத் துளிரில் பூப்பது, கொஞ்சம் தாராளமாகவே வெட்டலாம். கிளையில் ஒட்டி அதன் சாற்றை உறிஞ்சி வாழும் புல்லுருவியை மட்டும் பிய்த்தால் மறுபடி துளிர்க்கும், அது ஒட்டியிருக்கும் இடத்துக்குக் கீழே கிளையோடு எடுங்கள். கனமான கிளையை அடியில் கொஞ்சம் அறுத்துவிட்டு அப்புறம் மேலிருந்து அறுத்தால்தான் பட்டை கிழியாது.

வேர்க்கால்:
பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் இப்படி ஒரு தோட்டத்தை எடுத்தபோது வெட்டிப் போட்டதை அள்ளும் வேலையை மட்டும் அவர்களுக்குக் கொடுத்தோம், இரண்டே மாதத்தில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். அப்புறம் இருவருக்கு ஒரு மரம் என்று பிரித்து, எண் போட்டு, ஒரு நோட்டும் கொடுத்தோம். எப்போது துளிர்த்தது, எங்கே பூச்சி என்று அவர்களே எழுதினார்கள், பூ வந்த வாரம் கூப்பிடாமலே வந்து நின்றார்கள். மூடாக்கு, அதாவது மரத்தடி மண்ணை மூடிச் சருகு பரப்புவதை, முழுக்க அவர்களிடம் விடலாம்: நான்கு விரல் கனம், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. ரம்பமும் ஏணியும் பெரியவர்கள் கையில் இருக்கட்டும், புதருக்குள் முதலில் போவதும் பெரியவர்களே, பாம்பும் குளவிக்கூடும் இருக்கும்.

மண்வெட்டி:
அப்படியானால் வரும் சனிக்கிழமை ரம்பம் வேண்டாம், நோட்டும் மரத்துக்கு எண் போடச் சுண்ணாம்பும் போதும். ஒரு மாமரத்தில் பெரிய பொந்து விழுந்திருக்கிறது, அந்த மரத்தையே வெட்டி எடுத்துவிடலாமா?

ஒட்டுக்கத்தி:
பொந்துக்காக வெட்டாதீர்கள். உயிரோட்டம் எல்லாம் பட்டையை ஒட்டிய வெளிப்பகுதியில்தான், துளிர் நன்றாக இருந்தால் இன்னும் பல வருடம் காய்க்கும். சிமென்ட் வைத்து அடைக்கவும் வேண்டாம். ஆட்கள் நடக்கும் பக்கம் சாய்ந்திருந்தால் மட்டும் மரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். உள்ளே கிளியோ ஆந்தையோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.