மெய்ன் மாநிலம், 1878: மூன்றாவதாக வந்தவர் எப்படி கவர்னர் ஆனார்?

ஓட்டுப்பெட்டி:
அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1878 செப்டம்பரில் நடந்த கவர்னர் தேர்தலைப் பற்றிப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. பதவியில் இருந்த குடியரசுக் கட்சிக்காரர் செல்டன் கானருக்கு 56 ஆயிரத்துக்கு மேல் ஓட்டு, கிரீன்பேக் கட்சியின் ஜோசப் ஸ்மித்துக்கு 41 ஆயிரத்துச் சொச்சம், ஜனநாயகக் கட்சியின் அலோன்சோ கார்செலனுக்கு 28 ஆயிரம்தான். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தது கார்செலன். சட்டமன்றம் தேர்ந்தெடுத்தது என்கிறார்கள், சரி. அதன் மேலவையான செனட் குடியரசுக் கட்சியின் கையில்தானே இருந்தது? சொந்த ஆளை ஏன் கைவிட்டார்கள்?

தெற்குவாசல்:
கைவிடவில்லை, கானரின் பெயர் அவர்களிடம் வந்து சேரவே இல்லை. அன்றைய மெய்ன் சட்டப்படி ஜெயிக்க மொத்த ஓட்டில் பாதிக்கு மேல் வேண்டும். யாருக்கும் அது கிடைக்காவிட்டால், அதிக ஓட்டு வாங்கிய நான்கு பேருக்குள் இரண்டு பேரைக் கீழவை பொறுக்கி அனுப்பும், அதில் ஒருவரை செனட் தேர்ந்தெடுக்கும். கீழவையில் ஜனநாயகக் கட்சியும் கிரீன்பேக்கும் கைகோர்த்து, கானரைக் கழித்துவிட்டு ஸ்மித், கார்செலன் இரண்டு பெயரை மட்டும் அனுப்பின. காகிதப் பணம் தாராளமாகப் புழங்க வேண்டும் என்ற கிரீன்பேக் கொள்கையை குடியரசுக் கட்சியினருக்குக் கண்ணில் காட்டக் கூடாது. அதனால், இருப்பதில் இவர் பரவாயில்லை என்று கார்செலனைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மழைக்காகிதம்:
சட்டப்படி நடந்தது என்பதற்காக இதை நியாயம் என்று ஏற்க முடியவில்லை. பாதிக்கு மேல் ஓட்டு வேண்டும் என்ற விதியில் தப்பில்லை, மக்களிடமே இன்னொரு சுற்று போயிருக்கலாம். அதைச் சட்டமன்றத்திடம் கொடுத்ததுதான் வினை. கவர்னரின் பதவிக்காலம் அப்போது ஒரே வருடம். 1879 தேர்தலில் குடியரசுக் கட்சியின் டேனியல் டேவிஸ் முதலிடம் வந்தார், பாதியை மட்டும் தாண்டவில்லை. ஆக, சட்டமன்றம் யார் கையிலோ கவர்னர் பதவியும் அவர்கள் கையில். கார்செலனும் அவருடைய ஆலோசனைக் குழுவும் என்ன செய்தார்கள் தெரியுமா? ஊர்களிலிருந்து வந்த தேர்தல் அறிக்கைகளை உட்கார்ந்து அலசி, பெயரில் எழுத்துப் பிழை, கையெழுத்துக் குறை என்று ஒவ்வொன்றாகத் தள்ளி, குடியரசுக் கட்சி ஜெயித்திருந்த சட்டமன்றத்தையே எதிரணிப் பெரும்பான்மையாக மாற்றிவிட்டார்கள்.

தெற்குவாசல்:
ஆமாம், அதோடு நிற்கவில்லை. 1880 ஜனவரியில் தலைநகர் அகஸ்டாவில் இரண்டு தரப்பும் நாங்கள்தான் சட்டமன்றம் என்று நிற்க, ஆயுதம் ஏந்திய ஆட்களும் ஊருக்குள் வந்துவிட்டார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில், கெட்டிஸ்பர்க் சண்டையில் பேர் வாங்கிய, மாநில ராணுவப் படைக்குத் தலைமை வகித்த ஜோஷுவா சேம்பர்லின்தான் நிலைமையைப் பிடித்து நிறுத்தினார். அவரும் குடியரசுக் கட்சிக்காரர், முன்னாள் கவர்னர். ஆனாலும் எந்தத் தரப்புக்கும் சாயாமல், படையை இறக்காமல், உள்ளூர் போலீஸை மட்டும் வைத்துக்கொண்டு பன்னிரண்டு நாள் சமாளித்தார். எனக்கு இந்தக் கதையில் பெரிய மனுஷன் என்றால் அவர்தான். மாநில உச்ச நீதிமன்றம் குடியரசுக் கட்சி பக்கம் சொன்னது, ஜனவரி 17 அன்று சட்டமன்றம் டேவிஸைத் தேர்ந்தெடுத்தது.

ஓட்டுப்பெட்டி:
அப்புறம் அந்த விதி என்ன ஆனது?

மழைக்காகிதம்:
அதே 1880 செப்டம்பரில் அரசியல் சட்டத்தைத் திருத்தி, அதிக ஓட்டு வாங்கியவரே கவர்னர் என்று மாற்றினார்கள். அந்தத் தேர்தலிலேயே ஜனநாயக-கிரீன்பேக் கூட்டணி வேட்பாளர் ஹாரிஸ் பிளெய்ஸ்டட் மிகச் சொற்ப வித்தியாசத்தில் டேவிஸை முந்திப் பதவிக்கு வந்தார்.