4 வயசு பையன நாடகத்துக்கு கூட்டிட்டு போலாமா?

மாம்பலம்_அம்மா:
வர்ற சனிக்கிழமை எங்க ஏரியால சின்னப்பசங்களுக்கான நாடகம் போடுறாங்க, 45 நிமிஷம்தானாம். என் பையன் ஒரு இடத்துல உக்கார மாட்டான். இந்த வயசுல அவனுக்கு என்ன புரியப்போகுதுன்னு மாமியார் கேக்குறாங்க. கூட்டிட்டு போனவங்க சொல்லுங்க, பசங்க ஏதாச்சும் கத்துக்குறாங்களா?

வந்தவாசிக்காரன்:
தாராளமா போங்க சிஸ்டர். என் பொண்ண 5 வயசுல எங்க ஊரு திரௌபதியம்மன் கோயில் கூத்துக்கு கூட்டிட்டு போனேன், ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே வேஷம் கட்டுற எடத்துக்கு போயிட்டோம், அங்க துச்சாதனன் கட்டுறவரு கையில சின்ன கண்ணாடி வச்சிக்கிட்டு அவரே அரிதாரம் பூசிக்கிட்டு இருந்தாரு, பாதி மூஞ்சிலதான் கலரு, நடுவுல டீ குடிச்சிக்கிட்டே பாப்பா சாப்ட்டியான்னு இவள கேட்டாரு. ராத்திரி ரெண்டு பேர் புடிச்ச திரைக்கு பின்னாலேர்ந்து அதே ஆளு கிரீடம், தோள்ல கட்டுற புஜகீர்த்தியோட கத்திக்கிட்டு வந்தப்போ மடியில ஏறி என் சட்டைய இறுக்கி புடிச்சிக்கிட்டா. அழல. "அப்பா, டீ குடிச்ச மாமாதானே"ன்னு காதுல கேட்டா. பயமும் இருக்கு, வேஷம்னும் தெரியுது பாருங்க, இத நான் ஒக்காந்து சொல்லிக் குடுத்திருக்க முடியுமா?

பாண்டி_எல்கேஜி_டீச்சர்:
டிவில வர்ற பொம்ம நம்ம புள்ள கத்துனா திரும்பி பாக்காதுங்க, மேடையில இருக்குறவரு பாப்பாரு, பதில் சொல்வாரு. எப்ப கத்தணும் எப்ப அமைதியா கேக்கணும்னு பசங்க அங்கதான் புடிச்சிக்கிறாங்க. எங்க ஊரு வேலு சரவணன் சார் ஆழி குழு வச்சி பசங்களுக்காகவே நாடகம் போடுறவரு, கெடச்சா விட்றாதீங்க.
ஒரு நாடகத்துல நீலத்துணிய ரெண்டு பேர் ஆட்டி கடல்னு காட்டினாங்க. மறுநாள் என் கிளாஸ்ல ஒரு பையன் சாப்பாட்டு துண்ட தரையில விரிச்சி "மிஸ் மிதிக்காதீங்க, உள்ள மீன் இருக்கு"ன்னான். அதுவரைக்கும் அவன் கிளாஸ்ல வாயத் தொறந்ததே இல்ல, எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

காஞ்சி_பட்டு:
ஓரத்து சீட்டா பாத்து உக்காருங்க, அழுதா வெளிய தூக்கிட்டு வர ஈஸி. லைட் அணைப்பாங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க. முடிஞ்சதும் கதையோட நீதி என்னன்னு மட்டும் கேட்காதீங்க ப்ளீஸ், அவனா பேசுவான், ரெண்டு நாள் கழிச்சுகூட பேசுவான். இங்க காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கல்ல பசங்களுக்கு கூத்து சொல்லிக்குடுக்குற கட்டைக்கூத்து குருகுலம் 2002லேர்ந்து 2020 வரைக்கும் நடந்துச்சு, பொம்பளப்புள்ளைங்களும் கூத்து கத்துக்கிட்டு ஆடினாங்க. நம்ம வயசு அக்காவே ஆடுறாளேன்னு பாக்குற குட்டிங்களுக்கு எவ்ளோ தைரியம் வரும்!

மாம்பலம்_அம்மா:
ரொம்ப தேங்க்ஸ் எல்லாருக்கும், டிக்கெட் போட்டுட்டேன், ஓரத்து சீட்டு மூணு. மாமியாரும் வர்றாங்க, இதெல்லாம் படிச்சி காட்டுனதும் சின்ன வயசுல விடிய விடிய வள்ளி திருமணம் பாத்த கதைய நேத்து பேரனுக்கு சொல்லிட்டிருந்தாங்க.