மாட்டு ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் எதற்கு?

தேக்கா_குமரன்:
"மாடு வளர்ப்பது பண்ணையாளர் பாடு, அரசுக்கு அங்கே என்ன வேலை?" என்று நேற்று யீஷூன்_செல்வி கேட்டிருந்தார். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மைல்ஸ் சிட்டி பக்கம் இருக்கும் ஃபோர்ட் கியோ மாட்டு ஆராய்ச்சி நிலையத்தைப் பாருங்கள். 1876இல் ராணுவக் கோட்டை, பிறகு படைக்குக் குதிரை தயார்செய்த இடம், 1924இல் அந்நாட்டு வேளாண் துறைக்கு வந்தது. சுமார் 55,000 ஏக்கர்; நம் சிங்கப்பூரில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு! 1934இல் ஒரே தகப்பனுக்குப் பிறந்த இரண்டு காளைகளை வைத்து ஹியர்ஃபோர்டு என்ற இறைச்சி மாட்டினத்தில் 'லைன் 1' மந்தையைத் தொடங்கினார்கள். அப்புறம் வெளிமாட்டை உள்ளே விடவே இல்லை. இன்று அமெரிக்காவின் பதிவுபெற்ற ஹியர்ஃபோர்டுகளில் பெரும்பாலானவற்றில் அந்த வம்சம் கலந்திருக்கிறது. தலைமுறைக் கணக்கில் காத்திருக்க எந்தப் பண்ணையாளருக்குக் கட்டுப்படியாகும்?

யீஷூன்_செல்வி:
காங்கேயம் மாட்டை மறந்துவிட்டீர்களா, அண்ணா? அந்த இனத்தைப் பேணி வளர்த்ததில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி என்று கொறங்காட்டை, அதாவது அந்த மாடுகள் மேயும் வறண்ட மேய்ச்சல் நிலத்தைக் காத்தவர்களும் குடியானவர்கள்தான். இன்னொன்று, நீங்கள் சொல்லும் கோட்டை அமெரிக்கப் பூர்வகுடிகளான லகோட்டா, செயன் மக்களை அடக்கக் கட்டியது. அந்த நிலம் யாருடையது என்பதையும் சேர்த்துத்தான் அதன் வரலாற்றை எழுத வேண்டும். ஒரே வம்சம் எங்கும் பரவுவதைச் சாதனை என்கிறீர்கள், எனக்குப் பயமாக இருக்கிறது.

தேக்கா_குமரன்:
நிலத்தைப் பற்றிச் சொன்னது நியாயம், அதை மறைக்கக் கூடாது. பட்டக்காரர் குடும்பத்தின் உழைப்பும் பெரிது. ஆனால் ஒரு குடும்பத்தின் மந்தை சொத்துப் பிரிந்தால் என்ன ஆகும்? ஃபோர்ட் கியோவில் ஒவ்வொரு கன்றின் தாய் தகப்பனும் எடையும் பதிவாகி, பொதுச் சொத்தாக இருக்கின்றன. 2009இல் மாட்டின் முழு மரபணுத் தொகுதி வெளியானதே, அது டொமினெட் என்ற லைன் 1 பசுவுடையது. நெருங்கிய உறவுக்குள் பிறந்ததால் அவளுக்குத் தாய்வழி, தகப்பன்வழி மரபணு வேறுபாடு குறைவு. துண்டு துண்டாகப் படித்த மரபணுத் தொகுதியை ஒன்றாகப் பொருத்துவது எளிதாயிற்று. இன்று எந்த நாட்டு ஆய்வாளரும் அதை எடுத்துப் பயன்படுத்தலாம்.

பொங்கோல்_வாசகர்:
குறுக்கிடுகிறேன். 1984இல் இங்கே பன்றிப் பண்ணைகளைப் படிப்படியாக மூடுவதாக அறிவித்தார்கள். இறைச்சியை வெளியில் வாங்கும் ஊர் நாம். பிற நாட்டு ஆய்வின் பலன் நம் தட்டுக்கும் வருகிறது. அதனால் குமரன் பக்கமே நிற்கிறேன்.

யீஷூன்_செல்வி:
பதிவேடு பொதுவில் இருக்கட்டும், அதற்கு அரசு செலவழிக்கட்டும். சரி. ஆனால் எந்தக் காளையைச் சேர்ப்பது என்று முடிவெடுப்பது கொறங்காட்டுக்காரராகவே இருக்க வேண்டும். எடையை மட்டும் பார்த்துத் தேர்ந்தால், வெயிலையும் வறட்சியையும் தாங்கும் மாடு காணாமல் போய்விடும்.