சில சாப்பாடு மட்டும் ஏன் மறக்கவே மாட்டேங்குது?

பினாங்குக்காரன்: போன மாசம் லிட்டில் இந்தியால வாழையிலைச் சாப்பாடு, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா என்ன பொரியல்னு கேட்டா தெரியல. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் ஏறி இறங்கி, பந்தல்ல வரிசையில நின்னு வாங்குன தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் மட்டும் இன்னும் நாக்குலயே நிக்குது. ஏன்?

செந்தூல் அக்கா: பசிதான் தம்பி, வேறென்ன! விரதம் இருந்து 500க்கு மேல படி ஏறுனா பச்சத்தண்ணியும் இனிக்கும் லா.

கறிமசாலா: அக்கா சொல்றது பாதிதான். மத்த புலனெல்லாம் மூளையில தாலமஸ்ங்கற இடைநிலையம் வழியா சுத்திப் போகுது, வாசனை மட்டும் நேரா அமிக்டாலாங்கற பகுதி பக்கம் போயிடும், உணர்ச்சியும் ஞாபகமும் அங்கதான பக்கத்து பக்கத்துல இருக்கு. சூடான சோறு இலைல விழுந்ததும் ஒரு பச்ச வாசன கிளம்பும்ல, பிளாஸ்டிக் தட்டுல அது கிடைக்காது. சத்தமும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டுல சார்ல்ஸ் ஸ்பென்ஸ்னு ஒருத்தர், சிப்ஸ் கடிக்கிற சத்தத்த ஹெட்ஃபோன்ல கூட்டி வச்சா ஜனங்களுக்கு அது இன்னும் மொறுமொறுப்பா தோணுதுன்னு 2004ல ஆய்வு போட்டாங்க. அப்பளம் நொறுக்குறவனுக்கு இது முன்னமே தெரியும் (அந்த ஆய்வுக்கு 2008ல இக் நோபல் வேற, சிரிக்க வச்சு யோசிக்க வைக்கிற ஆய்வுக்குக் குடுக்குற வேடிக்கைப் பரிசு).

ஜார்ஜ்டவுன் மச்சான்: யாரோட சாப்பிட்டோம்ங்கறத விட்டுட்டீங்களே. ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு நாலு பேரு நின்னு நாசி கண்டார், அதான் நம்ம பினாங்கு சோறும் கறியும், எல்லா குழம்பும் கலந்து வெள்ளமா ஊத்துற பஞ்சிர். அதையே தபாவ் பண்ணி, பொட்டலம் கட்டிட்டுப் போய் வீட்டுல தனியா தின்னா பாதி ருசிதான்.

செந்தூல் அக்கா: தபாவ்னா ஆறிப்போயிடும்டா, அதான்!