மாவு அரைக்கும் தொழிலுக்கு மானியக் கடன்: பெங்களூரில் யாராவது வாங்கியிருக்கிறீர்களா?

ஸ்ரீராமபுரத்தில் வீட்டிலேயே 6 வருடமாக இட்லி மாவு அரைத்து விற்கிறேன். விடிகாலை நாலு மணிக்கே கிரைண்டர் சத்தம். மேல் வீட்டுக்காரர் முறைக்கிறார். தனியாக இடம் பிடித்து, பெரிய கிரைண்டரும் பாக்கெட் போடும் மெஷினும் வாங்க 4 லட்சம் ஆகும். மாவட்டத் தொழில் மையத்தில் பிஎம்இஜிபி (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்) கடன் கேட்கலாமா? புரோக்கர் ஒருவர் 20 ஆயிரம் கேட்கிறார்.

பீன்யா லேத்காரன்:
பிஎம்இஜிபி புதுத் தொழிலுக்குத்தான் அக்கா. நான் வாங்கியது அதில்தான். மானியம் கைக்கு வராது. வங்கியில் 3 வருடம் முடங்கிக் கிடந்து, அப்புறம்தான் கடனில் கழியும். நான் முதல் மாதமே கையில் வந்துவிடும் என்று நம்பி மோட்டாருக்கு முன்பணம் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

கல்யாணி, அல்சூர்:
நடக்கிற உணவுத் தொழிலுக்கு பிஎம்எஃப்எம்இ என்று சிறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. 2020இல் வந்தது. மத்திய அரசு மானியம் 35 சதவீதம், உச்சம் 10 லட்சம். உங்கள் 4 லட்சத்துக்கு 1,40,000. கைப்பணம் 10 சதவீதமாவது போட வேண்டும். இதிலும் மானியம் 3 வருடம் காத்திருக்கும். புரோக்கரை விடுங்கள், விண்ணப்பம் போட்டுத் தர மாவட்டத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு அரசே பணம் தருகிறது. மாவு விற்ற கணக்கு நோட்டு இருக்கிறதா?

கேட்டவர்:
நோட்டு இல்லை, காலண்டர் பின்பக்கம்தான். 6 வருடக் காலண்டரும் இருக்கிறது!

கல்யாணி:
சரி, முதலில் அதை நோட்டில் ஏற்றுங்கள். உத்யம் என்கிற சிறுதொழில் அரசுப் பதிவையும் போட்டுவிடுங்கள், காசு கிடையாது.