ஜிபி100 ரிவால்வர் பழக்கமும், குதிகால் கடிக்கும் ஹீலர் நாய்க்கு வேறு இடமும்

பாஸ்ட்ராப் பாண்டி:
வணக்கம். டெக்சாஸில் ஆஸ்டினுக்குக் கிழக்கே, பாஸ்ட்ராப் கவுண்டியில் 12 ஏக்கர் நிலமும் கொஞ்சம் போயர் ஆடுகளும் வைத்திருக்கிறேன். கேட்க வேண்டியது இரண்டு. ஒன்றோடு ஒன்று சிக்கிக்கொண்டு கிடப்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

கயோட்டி (ஓநாய் மாதிரி இருக்கும் சின்னக் காட்டு விலங்கு), காட்டுப்பன்றி, கோடையில் ராட்டில் பாம்பு என்று தொல்லை அதிகமானதால் ரூகர் ஜிபி100 வாங்கினேன். .357 மேக்னம், 4.2 அங்குலக் குழல், ஆறு தோட்டா. ஒரு கிலோவுக்கு மேல் எடை. அந்த எடையால், இதே துப்பாக்கியில் போடக்கூடிய வேகம் குறைந்த தோட்டாவான .38 ஸ்பெஷல் போட்டுச் சுட்டால் உதை பெரிதாகத் தெரிவதில்லை, என் மனைவியே சிரித்துக்கொண்டு சுடுகிறாள். .357 போட்டால் கதை வேறு. காதுக்குள் பஞ்சடைப்பான், அதன்மேல் மஃப் என்று இரண்டும் போட்டும் நெஞ்சில் அறைகிறது.

ஹாமரைப் பின்னால் இழுத்து வைத்துச் சுட்டால் குறி சரியாக விழுகிறது. டிரிகரை மட்டும் நீளமாக இழுத்துச் சுடும்போது எல்லாம் இடப்பக்கம் கீழே போகிறது. நான் வலது கைக்காரன். இன்னொன்று, ஒரு பெட்டி .38 சுட்டுவிட்டு .357 போட்டால் தோட்டா முழுதாக உள்ளே இறங்காமல் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கிறது. புதுச் சாமானில் கோளாறா?

அடுத்தது நீலன். ப்ளூ ஹீலர் என்ற மாடு மேய்ப்பு நாய், காயடித்தாயிற்று. அடுக்குமாடியில் சமாளிக்க முடியாமல் ஆஸ்டின் நண்பர் ஒருவர் என்னிடம் கொடுத்தது. புத்திசாலி, கேட் தாழ்ப்பாளை மூக்கால் தள்ளித் திறந்துவிடும். ஆனால் ஓடுவது எதுவானாலும் குதிகாலைக் கவ்வும்: ஆடு, சைக்கிள், என் மகள். போன மாதம் அவள் கணுக்காலில் பல் பதிந்து ரத்தம் வந்துவிட்டது. நிலத்தில் மண்மேட்டைப் பார்த்துச் சுட்டால் மற்ற நாய்களைப் போல ஒளியாது. நேரே ஆடுகளிடம் ஓடி, வேலி மூலையில் நெருக்கி, காலைக் கடிக்கிறது. ஒரு கிடாவுக்குப் புண் இன்னும் ஆறவில்லை.

இரண்டு மைல் தள்ளி மாடு வைத்திருக்கும் ஒரு பெரியவர் நீலனைக் கேட்கிறார். கடித்த கதையைச் சொன்னால் வேண்டாம் என்பாரோ என்று மனைவி தயங்குகிறாள். என்ன செய்யலாம்?

ஹூஸ்டன் முத்து:
தம்பி, துப்பாக்கியில் கோளாறு இல்லை. .38 தோட்டாவின் பித்தளைக் கூடு .357 கூட்டைவிடக் குட்டை. அதனால் சிலிண்டரில் தோட்டா உட்காரும் அறையின் முன்பக்கம் கரி வளையமாகப் படியும். நீளக் கூடு அதில் முட்டி நிற்கும். கரைப்பான் நனைத்த பித்தளைப் பிரஷ் விட்டுத் தேய்த்தால் போய்விடும். அதுவரை .357-ஐ அழுத்தித் திணிக்காதீர்கள்.

இடப்பக்கம் கீழே போவது கையால் வருவது. வெடிக்கப் போகிறது என்று கை முந்திக்கொண்டு இறுக்குகிறது. ஸ்னாப் கேப் (வெடிக்காத போலித் தோட்டா) போட்டு வீட்டில் வெற்றாக இழுத்துப் பழகுங்கள், உண்மைத் தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு. ரேஞ்சில் நண்பரை விட்டு ஸ்னாப் கேப்பையும் தோட்டாவையும் கலந்து போடச் சொல்லுங்கள். ஸ்னாப் கேப் வரும்போது குழல் குனிவதை நீங்களே பார்ப்பீர்கள். பிடிக்கும்போது விரல் சிலிண்டர் முன்விளிம்புக்குப் போகக்கூடாது, அதற்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் பீறிடும் வாயு சதையைக் கிழிக்கும்.

கயோட்டிக்கு ரிவால்வரை நம்பாதீர்கள். அது 80 கஜத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடும். அதற்கு ரைஃபிள்தான். பாம்புக்கு .38-இல் பொடிச்சன்னத் தோட்டா கிடைக்கிறது, அது போதும்.

புதுவரவு_டாலஸ்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் ஹெச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். நானும் துப்பாக்கி வாங்கலாமா?

ஹூஸ்டன் முத்து:
பொதுவாகக் கூடாது. குடியேற்றமில்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கவே கூட்டரசுச் சட்டம் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு உண்டு. கிரீன் கார்டு என்றால் இந்தத் தடை இல்லை. கடையில் நிரப்பும் 4473 படிவத்திலேயே இதைக் கேட்பார்கள். பொய் எழுதினால் அதுவே குற்றம். வக்கீலிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

லாக்ஹார்ட் செவ்வந்தி:
பாண்டி அண்ணா, நான் செம்மறி வைத்திருக்கிறேன், நாய் விஷயம் மட்டும் சொல்கிறேன். நீலன் கெட்ட நாய் இல்லை. ஆஸ்திரேலியாவில் முரட்டு மாட்டை நெடுந்தூரம் ஓட்டுவதற்கென்றே, டிங்கோ ரத்தம் கலந்து உருவாக்கிய இனம். குதிகாலைக் கடித்துவிட்டு, மாடு உதைப்பதற்குள் தரையோடு படுத்துவிடும். ஆட்டிடம் அந்த வேலையைக் காட்டினால் ஆட்டுக்குத்தான் சேதம். வெடிச் சத்தத்தில் பதற்றம் ஏறியதும் தெரிந்த ஒரே வேலையைச் செய்கிறது.

உங்களுக்கு வேண்டியது காவல் நாய். மேய்ப்பு நாயும் காவல் நாயும் ஒன்றென்று நம்மவர் நிறையப் பேர் நினைக்கிறார்கள். எங்கள் ஊர்க் கிடையில் இருந்த நாய்கள் ஆட்டை ஓட்டியதே இல்லை, ராத்திரி கிடையைச் சுற்றிப் படுத்திருக்கும். இங்கே அந்த வேலைக்குக் கிரேட் பிரனீஸ், அனடோலியன். குட்டி வாங்கினால் பக்குவப்பட இரண்டு வருடம் ஆகலாம்; ஆட்டோடு வளர்ந்த பெரிய நாயாகப் பாருங்கள்.

கடித்ததை மறைக்காதீர்கள். சொல்வதோடு நிறுத்தாமல் எழுதியும் கொடுங்கள்: யாரை, எப்போது, ரத்தம் வந்ததா. பேரக் குழந்தைகள் வருவார்களா என்று கேளுங்கள். அவர் வீட்டில் சின்னப் பிள்ளைகள் ஓடி விளையாடினால் கொடுக்கவே கொடுக்காதீர்கள், ஹீலர் மீட்பு அமைப்புக்கு எழுதுங்கள். மாட்டுக்காரர் பலருக்குக் கடிக்கும் ஹீலர்தான் வேண்டும், அண்ணி கவலைப்பட வேண்டாம். கொடுக்கும்வரை மகளையும் நீலனையும் ஒரே முற்றத்தில் விடாதீர்கள். சுடும் நாளில் கூண்டில் போட்டு வீட்டுக்குள் வையுங்கள்.

பாஸ்ட்ராப் பாண்டி:
இருவருக்கும் நன்றி. பிரஷ் போட்டேன், .357 சத்தமில்லாமல் இறங்கிவிட்டது. பெரியவரிடம் எல்லாம் சொன்னேன். "மாட்டைக் கடிக்குமா?" என்று மட்டும் கேட்டார்! பேரப் பிள்ளைகள் கல்லூரியில் படிக்கிறார்களாம். சனிக்கிழமை அவருடைய பட்டியில் விட்டுப் பார்க்கிறோம். ஒரு மாதம் ஒத்துவராவிட்டால் என்னிடமே திருப்பிக் கொடுப்பதாகப் பேச்சு. தடுப்பூசித் தாளும் சிப் எண்ணும் எடுத்து வைத்துவிட்டேன். செவ்வந்தி, உங்கள் பக்கம் வளர்ந்த அனடோலியன் யாராவது கொடுப்பதாக இருந்தால் தனிச்செய்தி போடம்மா.