மறு: கேட்டமரானுக்கு என்ன சொல்லலாம்? ‘ஈருடல்’ என் வாக்கு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஒருவரோ இருவரோ பொழுதுபோக்காக ஓட்டக்கூடிய சின்ன கேட்டமரானை, அதாவது இரண்டு உடல்களை இணைத்த பாய்ப்படகை, எப்படிப் பார்த்து வாங்குவது என்று தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன், அதற்குச் சொற்கள் கொடுங்கள் என்றுதான் இழையைத் தொடங்கிய நண்பர் கேட்டார். நாமோ இன்னும் முதல் சொல்லையே தாண்டவில்லை. அது முக்கியமான சொல் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். ஆனால் அவருக்கு உண்மையில் வேண்டியவை அதற்கு அடுத்து வரும் சொற்கள்.

> கட்டுமரம் என்ற நம் சொல்லைத்தான் வெள்ளைக்காரன் கேட்டமரான் ஆக்கினான். நம்முடையதை நாமே திரும்ப எடுத்துக்கொள்ள என்ன தயக்கம்?

ஐயா, தயக்கம் பொருளில்தான். கட்டுமரத்துக்கு உள்ளீடற்ற உடல் என்று ஒன்று கிடையாது. மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது அது. அலை மேலே ஏறும், இடுக்கு வழியாக இறங்கிப் போகும், ஆள் நனைந்துகொண்டேதான் இருப்பார். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் சோழமண்டலக் கரையைப் பற்றி எழுதியபோது இந்தப் பெயரில் குறிப்பிட்டது இதைத்தான். இரண்டு உடல்களை இடைவெளி விட்டுக் குறுக்குச் சட்டத்தால் இணைக்கும் அமைப்பு பசிபிக் தீவுக்காரர்களுடையது. அமெரிக்காவில் படகு வடிவமைப்பாளர் நதானியேல் ஹெரஷாஃப் 1876இல் ‘அமரில்லிஸ்’ என்ற ஈருடல் படகை நியூயார்க் போட்டியில் ஓட்டி மற்ற படகுகளைப் பின்தள்ளினார். எதிர்ப்பு கிளம்பி, அந்த வகையையே போட்டிகளிலிருந்து ஒதுக்கினார்கள். ஆக, ஆங்கிலத்தில் நம் கரையின் பெயர் வேறொரு கடலின் படகுக்குப் போய் ஒட்டிக்கொண்டது. தமிழில் அப்படி நடக்கவில்லை. கன்னியாகுமரிக் கரையில் இன்றைக்கும் கட்டுமரம் என்றால் கட்டுமரம்தான். ‘கட்டுமரத்தின் இரண்டு உடல்களையும் தட்டிப் பாருங்கள்’ என்று கையேட்டில் எழுதினால், அந்த ஊர்க்காரர் ‘எந்த உடல்?’ என்று கேட்பார். பெருமைக்காக ஒரு பொருளின் பெயரைக் குழப்ப வேண்டாம்.

> அப்படியானால் இரட்டைத் தோணி. எளிமை, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். இந்தக் கையேட்டில் ‘ஒற்றையாள் படகு’, ‘இருவர் படகு’ என்ற பிரிவு பக்கத்துக்குப் பக்கம் வரப்போகிறது. ‘இரட்டைத் தோணி’ என்றால் இரண்டு பேர் ஓட்டுவதா, இரண்டு உடல் கொண்டதா? ‘ஒற்றையாள் இரட்டைத் தோணி’ என்று எழுதிப் பாருங்கள், விடுகதை போல இருக்கும். அதோடு தூத்துக்குடியில் தோணி என்றால் சரக்கேற்றிக் கடல் கடக்கும் பெரிய கலம். 110 கிலோ எடையுள்ள விளையாட்டுப் படகுக்கு அது பொருந்தாது.

அதனால் ‘ஈருடல்’. கூடவே ஓருடல், மூவுடல், பல்லுடல் என்று மொத்தக் குடும்பமும் தானாக வந்துவிடுகிறது. ‘உடல் என்பது உயிருள்ளதற்குத்தானே’ என்று ஒருவர் கேட்டிருந்தார். பானைக்கு வாயும் ஊசிக்குக் காதும் கொடுத்த மொழி இது, படகுக்கு உடல் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. துறைமுகமோ இறங்குதளமோ இல்லாமல் மணலிலிருந்தே தள்ளி இறக்கி, மணலிலேயே ஏற்றிவிடும் சின்ன வகைக்கு ‘கரை ஈருடல்’ என்று சொல்லலாம். கரைவலை என்ற சொல் ஏற்கெனவே இருப்பதால் ‘கரை’ என்ற முன்னொட்டு நம் காதுக்குப் புதிதல்ல.

இனி அடுத்த சொற்களுக்கு வருகிறேன். வாங்குகிறவர் எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டுமோ, அந்த வேறுபாடு சொல்லில் தெரிய வேண்டும். இழையில் வந்த பட்டியலில் அது சில இடங்களில் மறைந்துவிடுகிறது. பெரிய உதாரணம் ‘அடிப்பலகை’. காற்று பக்கவாட்டில் தள்ளும்போது படகு நகர்ந்து போகாமல் பிடிக்கிற எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லில் அடைத்துவிட்டோம். கரை ஈருடல்களில் அதற்கு மூன்று வழிகள் உண்டு, மூன்றும் மூன்று விதமான படகைத் தருகின்றன.

முதலாவது, மேலிருந்து உடலின் வழியே கீழே செருகும் பலகை. இதை ‘செருகுபலகை’ எனலாம். எதிர்க்காற்றிலும் நன்றாக முன்னேறும். ஆனால் கரைக்கு வரும்போது தூக்க மறந்தால் மணலில் முட்டி, பலகையும் உடையும், அது இருக்கும் உறையும் விரியும். இரண்டாவது, உடலின் அடியிலேயே வார்த்த, அசையாத சிறு முனை. மீனவர்கள் மீனின் துடுப்பைச் செட்டை என்பதால் இதற்கு ‘அடிச்செட்டை’ என்பது என் முன்மொழிவு. ரோட்னி மார்ச் 1970களில் வடிவமைத்த டார்ட் 18 என்ற படகு இந்த வகை, ஹோபி நிறுவனத்தின் வேவ் படகும் இந்த வகைதான். மூன்றாவது, பலகையும் இல்லை, செட்டையும் இல்லை. உடலின் உட்பக்கமும் வெளிப்பக்கமும் வெவ்வேறு வளைவில் இருக்கும், அந்த வடிவமே பக்கநகர்வைத் தடுக்கும். ஹோபி 14, ஹோபி 16 இரண்டும் இப்படி. இதற்கு ‘கோணல் உடல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார், அது பழுதான படகு போல ஒலிக்கிறது. ‘ஒருபுற வளைவுடல்’ பரவாயில்லை, கொஞ்சம் நீளம்தான்.

வங்கக் கடலோரம் போல அலை நேராக மணலில் வந்து உடையும் கரையில் இறக்கப்போகிறவருக்கு இரண்டாவதும் மூன்றாவதும்தான் சரி. ஏரியிலோ துறைமுகத்துக்குள்ளோ ஓட்டுகிறவர் செருகுபலகையைப் பற்றி யோசிக்கலாம். மூன்றுக்கும் ‘அடிப்பலகை’ என்று ஒரே பெயர் வைத்தால் இந்த அறிவுரையை எழுதவே முடியாது.

அடுத்தது கவிழ்தல். இதையும் ஒரே சொல்லாக வைத்திருக்கிறோம். பக்கவாட்டில் சாய்ந்து விழுவது ‘பக்கக் கவிழ்வு’. பாய்மரம் நேர்கீழே போய் உடல்கள் வானத்தைப் பார்ப்பது ‘முழுக்கவிழ்வு’. காற்றோடு வேகமாகப் போகும்போது அணியம், அதாவது படகின் முன்முனை, தண்ணீருக்குள் புதைந்து, பின்பக்கம் எழும்பித் தலைக்குமேல் விழுவதற்கு நான் புதிதாக எதையும் தேடமாட்டேன். அது குட்டிக்கரணம்தான். ‘கலைச்சொல்லுக்கு இது விளையாட்டுத்தனமாக இல்லையா’ என்று கேட்பீர்கள். படிக்கிறவர் ஒரு நொடியில் பிடித்துக்கொள்வார், எனக்கு அது போதும். ஹோபி 16இன் அணியம் மெலிந்தது, குட்டிக்கரணத்துக்குப் பேர்போனது. பலத்த காற்றில் ஆட்கள் பின்னுக்கு நகர வேண்டும், பாயைத் தளர்த்தத் தயாராக இருக்க வேண்டும்.

ஈருடலை வாங்கும்போது பலரும் நினைத்துப் பார்க்காத ஒன்று இதில் ஒளிந்திருக்கிறது. அகலம் இருப்பதால் ஈருடல் முதலில் அசையாமல் நிற்கும். காற்று வரும் பக்கத்து உடல் தண்ணீரை விட்டு எழும்பும் வரை தாங்குசக்தி கூடிக்கொண்டே போகும், அதற்குமேல் சாயச் சாயக் குறையும். கவிழ்ந்த பிறகும் அதே அகலம் அதைக் கவிழ்ந்தபடியே அசையாமல் வைத்திருக்கும். நிமிர்த்துவதற்கு ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கீழே கிடக்கும் உடலின் மேல் நின்று பின்னால் சாய வேண்டும். அந்தக் கயிறு ‘நிமிர்த்துகயிறு’, இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன். ஹோபி 16 சுமார் 145 கிலோ, பாய்மரம் 8 மீட்டர், பாய்ப்பரப்பு 20 சதுர மீட்டர் சொச்சம். சராசரி எடையுள்ள ஒருவர் தனியாக அதை நிமிர்த்த முடியாமல் தவிப்பது சகஜம். நீர் நிரப்பிய பையை முதுகில் கட்டிக்கொண்டு எடை கூட்டுவது போன்ற உத்திகள் உண்டு. ஆனால் தனியாகப் போகப்போகிறவர் தன் எடையில் இந்தப் படகு நிமிருமா என்பதைக் கடைக்குப் போகும் முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும். கையேட்டில் இதற்கென ஒரு சொல் கட்டாயம் வேண்டும். ‘நிமிர்த்தும் எடை’ எனலாம். அதாவது படகை நிமிர்த்த ஆள் பக்கம் இருக்க வேண்டிய குறைந்தபட்ச எடை. வண்டிக்கு மைலேஜ் கேட்பதுபோல இதைக் கேட்கும் பழக்கம் வரட்டும்.

முழுக்கவிழ்வைத் தடுக்கப் பாய்மர நுனியில் கட்டும் உருண்டைக்கு ‘நுனிமிதவை’. பந்தயக்காரர்கள் இதைக் கேலி செய்வார்கள், கண்டுகொள்ள வேண்டாம்.

சரி, எந்தப் படகு? சொல் விவாதத்தில் இதை ஏன் பேசுகிறேன் என்றால், சொற்கள் பொருந்துகின்றனவா என்று சோதிக்க வேறு வழியில்லை. ஹோபி வேவ் 4 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, 111 கிலோ, பாய் ஒன்றே ஒன்று, பாயின் அடியில் கழி கிடையாது. திரும்பும்போது தலையில் இடிக்க ஒன்றும் இல்லை என்பது கற்றுக்கொள்கிறவருக்குப் பெரிய நிம்மதி. அதன் உடல் ‘சுழல்வார்ப்பு’ முறையில் செய்த பாலிஎத்திலீன், நம் மொட்டைமாடி சின்டெக்ஸ் தொட்டி செய்யும் அதே முறை. மணலில் இழுக்கலாம், கல்லில் உரசினாலும் பதற வேண்டாம். நீளத்தைப் பார்க்கும்போது எடை அதிகம், வேகம் குறைவு. தனியாகவும் போகலாம், பிள்ளைகளையும் ஏற்றிக்கொள்ளலாம். இழையைத் தொடங்கிய நண்பரின் வாசகர்களில் பாதிப்பேருக்கு மேல் இதுவே போதும் என்பது என் எண்ணம்.

ஹோபி 16, 1970 வாக்கில் ஹோபி ஆல்ட்டர் கொண்டுவந்தது. லட்சத்துக்கும் மேல் செய்து விற்றிருக்கிறார்கள். இருவருக்கான படகு. போட்டியில் இருவரும் சேர்ந்து 129 கிலோவாவது இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. பெரும்பாய், முன்பாய் இரண்டும் உண்டு. உடம்பில் கச்சை கட்டி, பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில் கொக்கியை மாட்டி, படகுக்கு வெளியே நின்றுகொண்டு ஓட்டலாம். அந்தக் கம்பிக்கு ‘தொங்குகம்பி’, கச்சைக்கு ‘தொங்குகச்சை’. இதற்கு இழையில் வந்த ஊஞ்சல் என்ற யோசனை அழகுதான், ஆனால் யாரும் அதில் உட்காருவதில்லையே. எதிர்க்காற்றில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்பும்போது இந்தப் படகு நடுவில் நின்றுவிடும் சுபாவம் கொண்டது. முன்பாயை உடனே மறுபக்கம் மாற்றாமல் காற்று அதைத் தள்ளும்வரை பிடித்துவைத்தால் அணியம் திரும்பிவிடும். அப்படி நின்றுபோவதற்கு ‘எதிர்க்காற்றில் முடங்குதல்’ என்பது என் விருப்பம்.

டார்ட் 18 எடையில் இரண்டுக்கும் நடுவில். 5.5 மீட்டர், 130 கிலோ அளவு, அடிக்கழி இல்லை, இருவர் படகு. முன்பாயைக் கழற்றிவிட்டுத் தனியாக ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். முழுக்க ஒற்றையாளுக்கென்றே இருப்பது ஏ வகுப்பு: அதே நீளம், வெறும் 75 கிலோ. கரிம இழையும் விலையும் சேர்ந்து அதைத் தொடக்கக்காரர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகின்றன. ஒலிம்பிக்கில் 1976 முதல் 2008 வரை இருந்த டொர்னாடோ, 2016இல் வந்த நாக்ரா 17 எல்லாம் கையேட்டின் எல்லைக்கு வெளியே. ஒரு வரி போதும்.

பழைய படகு வாங்குகிறவருக்கு இரண்டு சொற்கள். ஃபைபர் உடலில் இரண்டு மெல்லிய ஏடுகளுக்கு நடுவே நுரை இருக்கும். காலப்போக்கில் ஏடு நுரையை விட்டுக் கழன்றுவிடும். கட்டைவிரலால் அழுத்தினால் மேல்தட்டு அமுங்கும், தட்டினால் சத்தம் மந்தமாகும். பாய்மரத்துக்கு முன்னால் இருக்கும் பகுதியில் கட்டாயம் அழுத்திப் பாருங்கள். இதற்கு ‘சிதைவு’ என்று பொதுவாகப் போடாமல் ‘ஏடுபிரிவு’ என்று சொன்னால் என்ன நடந்தது என்பது சொல்லிலேயே இருக்கும். இரண்டாவது, இரண்டு உடல்களுக்கும் நடுவில் இழுத்துக் கட்டியிருக்கும் வலைத்துணி. வலைத்தளம் என்ற யோசனை வந்ததும் இணையதளக்காரர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள், நியாயம்தான். கப்பலில் தட்டு என்ற சொல் இருப்பதால் ‘பின்னல்தட்டு’ என்று வைத்துக்கொள்ளலாம். வெயிலில் முதலில் சாவது இதன் தையல்தான். விரலால் கீறி நூல் பொடிந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

> பாய்க்கயிறு என்றால் போதாதா?

போதாது. பாயை ஏற்றும் கயிறு வேறு, ஏற்றிய பாயைக் கையில் பிடித்து இறுக்கித் தளர்த்தும் கயிறு வேறு. முன்னது ‘ஏற்றுகயிறு’. பின்னதற்கு ‘பிடிகயிறு’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். தனியாக ஓட்டுகிறவர் பலத்த காற்றில் இதைக் கவ்வியில் பூட்டிவிட்டு உட்காரக் கூடாது, கையிலேயே வைத்திருக்க வேண்டும். அந்த எச்சரிக்கைக்கும் பெயர் ஒத்துவருகிறது. ஆனால் பாய்விரித்து ஓடிய வள்ளங்களிலும் தூத்துக்குடித் தோணிகளிலும் இந்தக் கயிற்றுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் கட்டாயம் இருந்திருக்கும். கரையோரத்தில் பெரியவர்கள் உள்ள நண்பர்கள் கேட்டு எழுதுங்கள். அது கிடைத்தால் என் ‘பிடிகயிறு’ போய்விடட்டும். மற்றவற்றில் ‘ஒருபுற வளைவுடல்’ ஒன்றுக்குத்தான் இன்னும் சுருக்கமான சொல் தேவைப்படுகிறது.